பதினொரு பக்கங்களுக்குக் கீழே ஒரு தலைமயிர்

என் மருமகன் பிலேந்திரன் சீஸ் செய்யப் படிக்கப் போகிறார் என்று, ஒஸ்லோவில் நாங்கள் இருக்கிற ஹவுகன்ஸ்டுவா முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நான்தான். வேறு யார்மீதும் அந்தப் பழியைப் போட மாட்டேன்.

எனக்குத் தெரிந்த நோர்வே மொழி கடைக்குப் போய் வருவதற்கு மட்டும் காணும். பால், முட்டை, பாண், ஊஸ்ட். ஊஸ்ட் என்றால் சீஸ். மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோற்றில் மீன் குழம்பை விட்டுப் பிசைந்துகொண்டே அவர் சொன்னார்:

"மாமி, நான் ஊஸ்டெயுபாட் படிக்கலாம் எண்டு இருக்கிறன்."

முன்பாதி காதில் ஏறியது, பின்பாதி ஏறவில்லை. நாற்பத்தொரு வயது மனிதர். பெரிய ஆசுபத்திரி ஒன்றில் நோயாளிகளின் கட்டில் தள்ளுகிற நிரந்தர வேலை. அதை விட்டுவிட்டுச் சீஸா? ஆனால் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரோடு சண்டைக்குப் போகக் கூடாது. "நல்லது தம்பி, கெதியிலை பழுதாகாத சாமான்," என்றேன். அவர் என்னைப் பார்த்தார். என் மகள் சோபிகாவைப் பார்த்தார். பிறகு குழம்பைப் பார்த்தார். 

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் வசந்தமலரிடம் சொன்னேன். வசந்தமலர் எங்கள் கட்டடத்திலேயே மூன்றாம் மாடியில் இருக்கிறவள். அவளுடைய மகன் அபிலாஷ் போலந்தில் டொக்டருக்குப் படிக்கிறான். அதைச் சொல்லாமல் அவள் ஒரு கரண்டி உப்புக்கூடக் கேட்க மாட்டாள்.

"பிறவுண் சீஸோ, வெள்ளைச் சீஸோ அக்கா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் படிக்கப் போனாப் பிறகுதானே தெரியும்."

ஒரு கிழமைக்குள் ஆட்கள் பிலேந்திரனைக் கண்ட இடத்தில் நிறுத்தி, "என்ன தம்பி, மாடும் வாங்கப் போறியளோ?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். கடைசியில் பேத்தி கம்சிகாதான் என்னைக் கூப்பிட்டு இருத்தினாள்.

"அம்மம்மா, அது சீஸ் இல்லை. ஆக்களின்ர எலும்பு, தசை, மூட்டு எல்லாத்தையும் கையாலை தொட்டுப் பாத்து, கையாலையே சரிசெய்யிற படிப்பு. தமிழிலை ஒஸ்தியோபதி எண்டு எழுதுவினம்."

"முறிவு வைத்தியம் எண்டு சொல்லியிருந்தால் எனக்கு அப்பவே விளங்கியிருக்குமே."

"முறிவு இல்லை அம்மம்மா. இது முறியாத ஆக்களுக்கு."

முறியாத ஆட்களுக்கு எதற்கு வைத்தியம் என்று கேட்டேன். அவளும் தகப்பனைப் போலவே என்னைப் பார்த்தாள்.

பிலேந்திரன் திருகோணமலையில் பிறந்தவர். கலியாணம் பேசி வந்தபோது எங்கள் பக்கத்து ஆட்கள், "யாழ்ப்பாணத்திலை மாப்பிள்ளை கிடைக்கேல்லையோ?" என்றார்கள். நான் அவர்தான் என்று பிடிவாதமாக நின்றேன். ஏனென்றால் பெண் பார்க்க வந்த அன்றே, தேத்தண்ணி குடித்த கோப்பையை எழுந்து போய்த் தானே கழுவி வைத்தார். அதைவிட வேறு சாதகம் எனக்குத் தேவைப்படவில்லை.

இருபது வயதில் மாமன் ஒருவர் கூப்பிட்டு, நேரே ஹம்மர்பெஸ்டில் வந்து இறங்கினவர் அவர். நோர்வேயின் உச்சந்தலையில் இருக்கிற ஊர் அது. அங்கே மீன் தொழிற்சாலையில் ஆறு வருடம் மீன் வெட்டினார். அந்தத் தொழிற்சாலையின் மேசைகள் நோர்வேக்காரரின் உயரத்துக்குச் செய்தவை. பிலேந்திரன் குள்ளம். குறையாகச் சொல்லவில்லை, நானும் குள்ளம்தான். நாள் முழுக்கத் தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டு கத்தி பிடித்தார். நாலாம் வருடம் வலது கை தலைக்கு மேலே எழும்பவில்லை. சட்டை போடுவதற்குக்கூட இன்னொருவர் வேண்டும். குளிசை போட்டார், ஊசி போட்டார், ஒத்தடம் கொடுத்தார். போகவில்லை.

பிறகு யாரோ சொல்லி அந்த ஊரில் இருந்த ஒஸ்தியோபதிக்காரி ஒருத்தியிடம் போனார். தலை நரைத்த மனுசி. தோளைத் தொட்டாள், கழுத்தைத் தொட்டாள், இடுப்பைத் தொட்டாள், பாதத்தைக்கூடத் தொட்டுப் பார்த்தாளாம். "நோ தோளிலை, இவ ஏன் என்ர பாதத்தைப் பாக்கிறா எண்டு யோசிச்சன் மாமி," என்று இப்போதும் சொல்லுவார். எங்கள் பக்கத்தில் வலியை நோ என்றுதான் சொல்லுவோம். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். அடுத்த நாள் காலையில் அந்த மனுசி தொழிற்சாலைக்கே வந்துவிட்டாள். அவர் வேலை செய்கிறதைக் கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். வெளியே போய், சாமான் அடுக்குகிற மரத்தட்டு ஒன்றை இழுத்து வந்து அவருடைய காலடியில் போட்டாள்.

"ஏறி நில்," என்றாளாம்.

கை வைத்தியமும் சில தடவை செய்தாள், இல்லையென்று சொல்லக் கூடாது. ஆனால் இரண்டு மாதத்தில் கை எழும்பியதற்கு அந்த மரத்தட்டுத்தான் காரணம் என்பது அவருடைய கட்சி. அன்றைக்குப் பிடித்த ஆசை பதினேழு வருடம் அவருக்குள்ளேயே கிடந்திருக்கிறது. ஒஸ்லோவுக்கு வந்தார், கலியாணம் கட்டினார், பிள்ளை பெற்றார், கட்டில் தள்ளினார். ஒருத்தருக்கும் மூச்சு விடவில்லை. சொல்லத் துணிந்த அன்றைக்கு, மாமியார் நான் அதைச் சீஸாக்கிவிட்டேன்.

படிக்கப் போவது என்று முடிவெடுத்ததும் முதலில் உயிரியலும் இரசாயனமும் தானாகப் படித்துச் சோதனை எடுத்தார். நல்ல புள்ளிகள் வந்தன. இனி என்ன, போய் வகுப்பில் இருக்க வேண்டியதுதானே என்று நான் நினைத்தேன். அப்படி இல்லையாம். அவர் விண்ணப்பித்த கல்லூரி என்ன எதிர்பார்க்கிறது என்று கம்சிகா எனக்கு வாசித்துச் சொன்னாள்.

"புள்ளி மட்டும் காணாதாம் அம்மம்மா. ஏன் டொக்டருக்குப் போகாமல் இதுக்கு வாறாய் எண்டு எழுத வேணுமாம். ஆக்களோடை வேலை செய்திருக்க வேணுமாம். வேலையிலை இருக்கிற ஒரு ஊஸ்டெயுபாட்டுக்குப் பக்கத்திலை நிண்டு பாத்திருக்க வேணும், அவர் கடிதமும் தர வேணும். பிறகு நேர்முகம். அதிலை கையையும் பாப்பினமாம்."

"கையையோ? சாத்திரமோ?"

"ஐயோ அம்மம்மா!"

முதல் வருடம் அவர் எழுதின கடிதத்தைக் கேட்டு வாங்கி வாசிப்பித்தேன். 'மனிதர்களுக்கு உதவி செய்ய விரும்புகிறேன்' என்று எழுதியிருந்தார். "பொம்பிளை பாக்க வந்தவன், எனக்குச் சாப்பிட விருப்பம் எண்டு சொன்ன மாதிரி இருக்கு தம்பி," என்றேன். "மரத்தட்டுக் கதையை ஏன் எழுதேல்லை?"

"மீன் வெட்டினதை எழுதினால் மதிப்பினமோ மாமி?"

மதிக்கிறார்களோ இல்லையோ, அதை எழுதாத அந்த வருடம் இடம் கிடைக்கவில்லை. இரண்டாம் வருடம் மரத்தட்டை எழுதினார். கடிதம் நல்லது, ஆனால் ஒஸ்தியோபதிக்காரர் ஒருவருடைய கடிதம் இல்லையே என்று பதில் வந்தது. இவர் ஆசுபத்திரி மேலாளரின் கடிதத்தை அனுப்பியிருந்தார். கட்டிலை நன்றாகத் தள்ளுவார் என்று அதில் இருந்ததாம். கோயிலில் வசந்தமலர், "டொக்டருக்கு எடுபடாத ஆக்கள்தானாம் இதுக்குப் போறது. இதுக்கும் எடுபடேல்லையோ அக்கா?" என்று கேட்டாள். அன்றைக்கு அவளுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிடவில்லை நான். எழும்பி வேறு வரிசையில் போய் இருந்தேன்.

மூன்றாம் வருடம்தான் கழுத்துக்கு வந்தது. ஆசுபத்திரியில் கட்டில் தள்ளுகிற எல்லாருக்கும் பொறுப்பாக இருக்கிற வேலையை அவருக்குத் தருகிறோம் என்றார்கள். ஜூன் மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அதற்கு ஓம் சொன்னால் படிப்புக்கு நேரம் இல்லை.

சோபிகா நேரே சொன்னாள்: "இஞ்சருங்கோ, நான் உங்களை மறிக்கேல்லை. ஆனால் இதோடை மூண்டாம் தரம். இந்த முறையும் இல்லையெண்டால் அந்த வேலைக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டு, இந்தக் கதையை விட வேணும்."

"ஓம் சோபி," என்றார். 

ஒஸ்லோவுக்குப் பக்கத்து ஊரான லில்லெஸ்ட்ரோமில் ஜோனாஸ் என்று ஒரு ஒஸ்தியோபதிக்காரர். பத்துப் பேரிடம் கேட்டு, ஒன்பது பேர் மாட்டேன் என்ற பிறகு, வியாழக்கிழமைகளில் வந்து பார்க்கலாம் என்று சொன்ன மனிதர். ஒரே ஒரு சட்டம்: நோயாளி அறைக்குள் இருக்கும்வரை பார்க்க வந்தவர் வாய் திறக்கக் கூடாது. பிலேந்திரன் பன்னிரண்டு வியாழக்கிழமை கோச்சியில், அதுதான் ரயிலில், போய், மூலையில் வாய் மூடி நின்று பார்த்துவிட்டு வந்தார். பிறகு கடிதம் கேட்டார்.

"என்ன எழுதுவது? நன்றாக நின்றாய் என்றா?" என்று ஜோனாஸ் கேட்டாராம். "என்னுடைய கோட்டு மாட்டுகிற தடி உன்னைவிட நன்றாக நிற்கும். நீ ஒரு ஆளோடு எப்படி இருப்பாய் என்று எனக்குத் தெரியாதே. உன்னுடைய ஆட்களில், பழைய நோவோடு இருக்கிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு வா. உன் கையையும் நான் பார்க்க வேண்டும்."

யாரைக் கூட்டிப் போவது? சோபிகா, "எனக்கு உங்களைத் தவிர வேறை ஒரு நோவும் இல்லை," என்றாள். வசந்தமலர், "என்ர மகன் டொக்டராகி வரட்டும், அவனிட்டைக் காட்டுறன்," என்றாள். மிச்சம் இருந்தது நான். ஏழு வருடமாக இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்புகிறவள்.

"மாமி..." என்று தொடங்கினார்.

"கேக்காதேங்கோ தம்பி."

மருமகன் வீட்டுக்குள் வந்தால் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடுகிறவள் நான். பதினாறு வருடம் ஒரே கூரைக்குள் இருந்தும் அவருக்கு முன்னால் காலை நீட்டி இருந்ததில்லை. அவரும் எனக்கு முன்னால் வெறும் மேலோடு நடந்ததில்லை. அப்படி இருக்க, அவர் பார்க்க ஒரு கட்டிலில் முதுகைக் காட்டிக்கொண்டு கிடப்பதா? அப்பா பாவம், அவருக்காக வாங்கோ என்று பேத்தி கெஞ்சினாள். மாட்டேன் என்றால் மாட்டேன்தான். அவர் இரண்டாம் தரம் கேட்கவில்லை.

இரண்டு கிழமை போனது. ஒரு சனிக்கிழமை காலை குசினி வாசலில் வந்து நின்றார்.

"மாமி, குறை நினைக்காதேங்கோ. உங்கட தலைமயிர் ஒண்டு தருவியளோ?"

இந்தியத் தமிழர் யாரிடமாவது இப்படிக் கேட்டிருந்தால் சண்டை வந்திருக்கும். அவர்களுக்கு அந்தச் சொல் கெட்ட சொல்லாம். எங்களுக்குத் தலையில் முளைப்பது தலைமயிர்தான். ஆனாலும் எதற்கு என்று கேட்டேன். ஜோனாஸ் கொடுத்த வீட்டுப் பாடமாம். மேசையில் ஒரு மயிரை வைத்து, மேலே புத்தகத்தின் ஒரு பக்கத்தை மூடி, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி அது எங்கே கிடக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகு இரண்டு பக்கம். பிறகு மூன்று. சோபிகாவின் மயிர் சாயம் பூசித் தடித்தது, கம்சிகாவின் மயிர் சுருள். என்னுடையதுதான் நரைத்து நூல் போல இருக்கிறது. சீப்பில் இருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

கீழே சாமான் அறையில் கிடந்த பழைய டெலிபோன் புத்தகத்தைக் கொண்டு வந்து, ஒவ்வொரு நாளும் வேலையால் வந்ததும் சாப்பாட்டு மேசையில் அதைத் தடவிக்கொண்டு இருப்பார். அந்தப் பெரிய கை, மீன் வெட்டின கை, கட்டில் தள்ளுகிற கை, புத்தகத்துக்கு மேலே எறும்பு போல ஊரும். ஐந்து பக்கம், ஏழு பக்கம், ஒன்பது பக்கம். ஒரு நாள் பதினொன்று என்றார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. கள்ளக் கண்ணால் பார்க்கிறார் என்று நினைத்தேன். "திரும்பி இருங்கோ, நான் வைக்கிறன்," என்றேன். வைத்தேன், பதினொரு பக்கம் மூடினேன். கண்ணை மூடிக்கொண்டு தடவி, "இஞ்சை மாமி, குறுக்காலை கிடக்கு," என்றார். சரிதான். இரண்டாம் தரமும் சரிதான்.

மூன்றாம் தரம் நான் மயிரை மேசையில் வைக்கவே இல்லை. என் கைக்குள் பொத்திக்கொண்டு வெறும் பக்கங்களை மூடினேன். கம்சிகா கண்டுவிட்டாள், கண்ணால் அடக்கினேன். அவர் தடவினார். மேலே, கீழே, கரையோரம். நேரம் போனது. நெற்றி வேர்த்தது. மாமியாருக்கு முன்னால் மானம் போகக் கூடாது என்று எங்கேயாவது ஒரு இடத்தைக் காட்டப் போகிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

கண்ணைத் திறந்தார். "மாமி, இதுக்குள்ளை ஒண்டும் இல்லை."

"வடிவாப் பாருங்கோ தம்பி."

"பாத்திட்டன். இல்லை."

நான் கையை விரித்துக் காட்டினேன்.

"அம்மம்மா, இது அநியாயம்!" என்று கம்சிகா துள்ளினாள். பிலேந்திரன் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. மயிரை வாங்கிப் புத்தகத்துக்குள் வைத்தார். நான் குசினிக்குள் போய்விட்டேன். என் வயதுக்கு எத்தனையோ வைத்தியரைப் பார்த்துவிட்டேன். இல்லாததை இல்லை என்று சொல்லுகிற கை லேசில் கிடையாது. அடுப்பை அணைத்துவிட்டு அங்கிருந்தே கேட்டேன்:

"வியாழக்கிழமை கோச்சி எத்தினை மணிக்கு?"

 முன்னறையில் இருந்து சோபிகாவின் குரல் வந்தது. "அம்மா, மெய்யாவோ?"

"மெய்தான். ஆனால் உன்ர மனிசன் சுவரைப் பாத்துக்கொண்டு நிக்க வேணும்."

ஜோனாஸ் நெடுத்த மனிதர். சிவத்த தாடி. தன்னுடைய அறை வாசலுக்கே குனிந்துதான் வருகிறார். கை குலுக்கினார், கை சூடாக இருந்தது. நான் சேலையோடும் சட்டையோடும்தான் படுப்பேன் என்று பிலேந்திரனைக் கொண்டு சொல்லுவித்தேன். தலையாட்டினார். முதலில் தான் பார்ப்பதாகவும், அதுவரைக்கும் வழக்கமான சட்டம்தான் என்றும் பிலேந்திரனிடம் சொன்னாராம். பிலேந்திரன் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சுவரில் ஒரு எலும்புக்கூட்டுப் படம், மூக்கு முட்டுகிற தூரத்தில்.

நான் குப்புறப் படுத்தேன். ஜோனாஸ் இடுப்பில் விரலை வைத்து அழுத்திவிட்டுக் கேட்டார்:

"நோ?"

எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. இந்த மனிதருக்குத் தமிழ் தெரிகிறதே! அதுவும் எங்கள் தமிழ்! பன்னிரண்டு வியாழக்கிழமை பிலேந்திரனோடு நின்று பழகிவிட்டார் என்று நினைத்தேன். மெத்தச் சந்தோசத்தோடு, "நோ, நோ," என்றேன்.

அவர் "ஆஹா" என்றுவிட்டு, ஒரு விரல் தள்ளி இன்னும் ஊன்றி அழுத்தினார். "நோ?"

"நோ! நோ!"

இன்னும் அழுத்தினார். கெண்டைக்கால்வரை மின்னல் அடித்தது.

"ஐயோ, நோ! நோ எண்டுறன், நோ!"

"ஸ்டொப்!"

சுவர்ப் பக்கம் இருந்து வந்த சத்தம் அது. பன்னிரண்டு வியாழனும் காத்த சட்டம் அந்த ஒரு சொல்லில் உடைந்துபோனது. ஜோனாஸின் கை அப்படியே நின்றது. கடிதமும் போச்சு, படிப்பும் போச்சு, என் இடுப்பால் என் பிள்ளையின் குடும்பத்துக்கு வந்த கேடு என்று கட்டிலில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

பிலேந்திரன் திரும்பவில்லை. எலும்புக்கூட்டைப் பார்த்துக்கொண்டே நோர்வே மொழியில் நீட்டி எதையோ சொன்னார். பிறகு எனக்கும் தமிழில் சொன்னார். "மாமி, அவர் கேட்ட 'நோ' எண்டால் இவையின்ர பாசையிலை 'இப்ப'. 'இப்ப நோகுதோ' எண்டு கேக்கிறார். நீங்கள் 'நோ' எண்டு சொல்ல, இங்கிலீசிலை 'இல்லை' எண்டு சொல்லுறியள் எண்டு நினைச்சிட்டார். இஞ்சை இல்லையாக்கும் எண்டு அடுத்த இடம், அடுத்த இடம் எண்டு தேடி அமத்திக்கொண்டு போறார்."

ஜோனாஸ் இரண்டு கையையும் தன் தலையில் வைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் குனிந்து மன்னிப்புக் கேட்டார். அந்தச் சொல் எனக்குத் தெரியும், பஸ்ஸில் இடிக்கிறவர்கள் எல்லாரும் சொல்லுகிற சொல். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பிலேந்திரனிடம் கையைக் காட்டினார். நீ கேள் என்று அர்த்தம்.

பிலேந்திரன் சுவரோடு கதைத்தார். "மாமி, நோவோ, உளைவோ, குத்தோ?"

"இழுப்பு."

"எங்கையிருந்து எங்கை?"

"இடுப்பிலை பிடிச்சு, பின்தொடையாலை போய், கெண்டைக்கால் மட்டும்."

"விறைக்குமோ? எரியுமோ?"

"ரெண்டும் இல்லை. பின்னேரத்திலை உளையும்."

"எந்த நாளிலை கூட?"

அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தேன். "சனி ஞாயிறு கூட."

"சனி ஞாயிறிலை என்ன செய்யிறனீங்கள்?"

"என்ன செய்யிறதோ? நீங்கள் எல்லாரும் வீட்டிலை. தோசை, அப்பம், புட்டு எண்டு வாய்க்குச் சும்மா இருக்க ஏலுமோ உங்களுக்கு?"



"மாமி, நீங்கள் தோசை சுடேக்கை உங்கட செருப்புச் சத்தம் முன்னறைக்குக் கேக்கிறது. டக், டக், டக். குதிப்பக்கம் மட்டும் நிலத்திலை விழுந்து விழுந்து எழும்பும். நுனிக்காலிலை நிண்டுதானே சுடுறனீங்கள்?"

எனக்கே தெரியாது. படுத்தபடி நினைத்துப் பார்த்தேன். எங்கள் குசினி மேடை என் நெஞ்சுக்குக் கிட்ட வருகிறது. தோசையைத் திருப்ப எக்கித்தான் நிற்பேன்.

"இந்த வீட்டுக்கு வந்து எத்தினை வருசம் மாமி?"

"ஏழு."

"இடுப்பு?"

"ஏழு," என்றேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க, இடுப்பு இழுத்தது.

அவர் அதை ஜோனாஸுக்குச் சொல்ல, ஜோனாஸ் முழங்காலில் அடித்துச் சிரித்தார். இவ்வளவு நேரமாகத் தான் இடுப்பிலே தேடினதை, இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு குசினியில் கண்டுபிடித்துவிட்டாராம். பிறகு முகம் மாறி எதையோ சொன்னார். பிலேந்திரன் மெதுவாகப் பதில் சொன்னார்.

"என்னவாம் தம்பி?"

"ஒண்டுமில்லை மாமி."

"இல்லாததை இல்லையெண்டு சொன்ன ஆள், இருக்கிறதையும் இல்லையெண்டு சொல்லலாமோ?"

அவர் மூச்சை விட்டார். "கையையும் பாக்காமல் கடிதம் எழுத ஏலாதாம். நீங்கள் இவ்வளவு தூரம் வந்ததே பெரிசு, இதுக்கு மேலை கேக்க மாட்டன் எண்டு சொல்லிப்போட்டன்."

நான் கணக்குப் பார்த்தேன். சேலை இரண்டு மடிப்பு, உள்பாவாடை, சட்டைக் கரை. "அந்தத் துவாயை நாலாய் மடிச்சு மேலை போடச் சொல்லுங்கோ," என்றேன். ஜோனாஸ் போட்டார். "இப்ப எத்தினை பக்கம் வரும்?"

"பதினொண்டுக்குக் கூடவே வரும் மாமி."

"அப்ப திரும்பிப் பாருங்கோ."

அவர் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுகிற சத்தம் கேட்டது. பிறகு துவாய்க்கு மேலே கை வந்தது. அமத்தவில்லை. டெலிபோன் புத்தகத்தில் போனது போலப் போனது. ஒரு இடத்தில் நின்றது.

"மாமி, இதிலை அமத்தட்டோ?"

"ம்."

"நோ?"

"நோ."

உடனே கையை எடுத்துவிட்டார். அவருக்கு அந்தச் சொல் ஒரு தரம் போதும். ஜோனாஸ் வந்து அதே இடத்தில் தன் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "யா," என்றார். அதற்கு மொழிபெயர்ப்பு எனக்குத் தேவைப்படவில்லை.

கடிதம் அந்தக் கிழமையே வந்தது. சட்டத்தை உடைத்தவர் என்றும், உடைக்க வேண்டிய நேரத்தில் உடைத்தவர் என்றும் ஜோனாஸ் எழுதியிருந்தாராம். மே மாதம் நேர்முகம். மூன்று பேர் இருந்து கேட்டார்களாம். ஏன் டொக்டர் இல்லை என்று கேட்டதற்கு மரத்தட்டைச் சொன்னார். என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்டதற்கு மூன்று பாசையின் மூன்று 'நோ'வையும் சொன்னார், நல்லாய்ச் சிரித்தார்கள். பிறகு ஒரு ஆசிரியையின் தோளைத் தொட்டுப் பார்க்கச் சொல்ல, இவர் முதலில் தொடலாமா என்று கேட்டு, பிறகு, "வலிக்கு உங்கட வீட்டிலை என்ன சொல்லுவியள்?" என்று கேட்டாராம். அந்த ஆசிரியை நோர்வேயின் வடக்குப் பக்கத்தவள். தாய் சொல்லுகிற சொல் ஒன்றைச் சொன்னாளாம். ஹம்மர்பெஸ்டில் இவர் கேட்டுப் பழகின அதே சொல்.

ஆனால் முடிவு வரவில்லை. அந்தப் பெரிய வேலைக்குப் பதில் சொல்ல வேண்டிய வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டு வந்தது. செவ்வாய் இல்லை, புதன் இல்லை. வியாழன் பின்னேரம் நான் வடை சுட்டுக்கொண்டு நின்றேன். நின்றது பிலேந்திரன் எனக்கென்று செய்த பலகையில். முதலில் செய்தது உயரம் கூடிப்போய், அளவெடுத்து இரண்டாவதாகச் செய்தது. இடுப்பு நோ முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். மழைக்கு எட்டிப் பார்க்கும். ஆனால் சனி ஞாயிறில் இப்போது வருவதில்லை.

முன்னறையில் கம்சிகா குழறினாள். "ப்ளாஸ்! அப்பாவுக்கு ப்ளாஸ்!"

ப்ளாஸ் என்றால் இடம். அதுவும் பஸ்ஸில் பழகின சொல்தான். வடையைக் கருக விட்டுவிட்டுப் பலகையால் இறங்கி ஓடினேன். ஏழு வருடத்துக்குப் பிறகு ஓடினேன். பிலேந்திரன் போனை நாலு தரம் வாசித்தார். பிறகு எழும்பிக் குசினிக்குப் போய், குடித்த தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவத் தொடங்கினார். கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே நின்றார். சோபிகா பின்னால் போய் அவருடைய தோளில் தட்டினாள்.

"காணும், கோப்பை தேஞ்சு போகும். அந்தப் பெரிய வேலைக்கு வேண்டாம் எண்டு இப்பவே எழுதுங்கோ. நாளைக்கு வரைக்கும் வைச்சிருந்தால் நான் மனம் மாறிப்போடுவன்."

அடுத்த நாள் கோயிலில் வசந்தமலர் தானாகவே எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். இருக்கும்போதே "ஸ்ஸ்" என்றாள்.

"அக்கா, உங்கட சீஸ்காரர் வீட்டிலை நிக்கிறாரோ? இடுப்பு ஒரே நோ."

"நாலு வருசம் பொறு. அவர் இன்னும் படிக்கத் தொடங்கேல்லை."

"நாலு வருசமோ! அதுக்கிடையிலை என்ர இடுப்பு?"

"போலந்திலை ஒருத்தர் படிக்கிறாரே."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாவமாக இருந்தது. சனி ஞாயிறிலை கூடவோ என்று கேட்டேன். "ஓம் அக்கா, எப்பிடித் தெரியும்?" என்றாள். அவள் என்னைவிடவும் குள்ளம். அவளுடைய குசினியும் எங்களுடையது போலத்தான்.

வீட்டுக்கு வந்ததும், உயரம் பிழைத்த அந்த முதல் பலகையைக் கம்சிகாவைத் தூக்கச் சொல்லி மூன்றாம் மாடிக்குப் போனேன். வசந்தமலரைத் தோசை சுடச் சொன்னேன். கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தேன். குதி இரண்டும் நிலத்தில் இல்லை. பலகையை வாங்கி அவளுடைய காலடியில் போட்டேன்.

"ஏறி நில்," என்றேன்.